கேபிள் இணைப்பைத் துண்டிப்பதற்கு முன்

கேபிளை விட்டு இணையவழித் தளங்களுக்கு மாறலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது, எந்தத் தளத்தில் சேரப்போகிறார்கள் என்பதை அல்ல, வீட்டு இணையத்தின் வேகத்தையே. 4கே எனப்படும் மிகத் துல்லியமான படத்துக்கு நொடிக்கு 15 மெகாபிட் வேண்டும் என்று நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைக்கிறது. ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு அறைகளில் படம் ஓடி, மூன்றாவது அறையில் ஒருவர் காணொளி அழைப்பில் இருந்தால் அந்தக் கணக்கு போதாது. வேகம் குறையும்போது படம் நின்றுபோகாமல் இருக்கத் தளங்கள் தாமாகவே தரத்தைக் குறைத்துக்கொள்கின்றன; திரையில் முகங்கள் திடீரென மங்குவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், தொலைக்காட்சிப் பெட்டி அல்ல.

நேரலை விளையாட்டில்தான் கேபிளின் அருமை எனக்குப் புரிந்தது. இணையவழி ஒளிபரப்பு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, அவற்றில் சில முன்கூட்டியே சேமிக்கப்பட்ட பின்னரே திரைக்கு வருவதால், பல நொடிகள் பின்தங்குகிறது. பக்கத்து வீட்டு ஆரவாரம் கோல் விழுந்ததை நமக்கு முன்பே சொல்லிவிடும்.

செலவு குறையும் என்பதும் எப்போதும் உண்மையல்ல, ஏனெனில் விரும்பும் தொடர்கள் பல தளங்களில் சிதறிக் கிடக்கின்றன. (விளம்பரத் தொல்லைக்கு அஞ்சி வந்தவர்களுக்கு, 2022-இல் நெட்ஃபிளிக்ஸே விளம்பரத்துடன் கூடிய மலிவுத் திட்டத்தைக் கொண்டுவந்தது வேடிக்கைதான்.) ஒரு நேரத்தில் ஒரே தளத்துக்குச் சந்தா செலுத்தி, பார்த்து முடித்ததும் அதை நிறுத்திவிட்டு அடுத்ததற்குச் செல்வது என் வழக்கம், மாதச் சந்தாவில் இதற்குத் தடை இல்லை.