வார்ம்-அப் டைரி: சாப்பாட்டுக்கு அப்புறம் வர்ற பீரியட்

9 ஜூன் 2025, திங்கள்

சாப்பாட்டுக்கு அப்புறம் வர்ற முதல் பீரியட் இந்த வருஷமும் என் தலையிலதான். ஏழாங் கிளாஸ் இங்கிலீஷ், 38 பேர். உள்ள போனதும் "குட்டாஃப்டர்நூஊஊன் மிஸ்"னு ஒரு தாலாட்டு பாடுவாங்க பாருங்க, அதுலயே பாதிப் பேரு தூங்கிருவாங்க, அப்புறம் நேரா கிராமர் ஆரம்பிச்சா மிச்சப் பாதியும் போயிரும். அதனால இந்த டெர்ம் முழுக்க முதல் அஞ்சு நிமிஷம் ஏதாவது ஒரு வார்ம்-அப், அதாவது பாடத்துக்கு முன்னாடி முழிக்க வைக்கிற ஒரு சின்ன ஆட்டம். நடந்தத நடந்தபடி இங்க எழுதி வைக்கிறேன், போன வருஷம் எது நல்லா போச்சு எது சொதப்புச்சுன்னு இப்ப ஒண்ணுமே ஞாபகம் இல்ல.

இன்னிக்கு பேப்பர கசக்கி ஒரு பந்து. பந்த பிடிக்கிறவங்க முந்தின ஆள் சொன்ன வார்த்தையோட கடைசி எழுத்துல ஆரம்பிக்கிற வார்த்தை சொல்லணும். ஆப்பிள், டேபிள், ஆரஞ்ச், ஹவுஸ், எதை எடுத்தாலும் இங்கிலீஷ் ஸ்பெல்லிங்ல கடைசில ஈ வந்து நிக்குது, அதனால எலிஃபன்ட் மட்டும் நாலு தடவ வந்துச்சு. அது கூட பரவால்ல. 38 பேருக்கு ஒரே பந்து, அஞ்சு நிமிஷம்னா 300 செகண்ட், வகுத்துப் பாத்தா ஆளுக்கு எட்டு செகண்ட் கூட இல்ல. ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்றாங்க, 37 பேர் பந்த வேடிக்கை பாக்குறாங்க. சத்தம் என்னவோ காதப் பிளக்குது, ஆனா அதுல இங்கிலீஷ் எங்க இருக்கு? அடுத்த தடவ ஆறு பந்து, ஆறு குரூப்.

11 ஜூன், புதன்

சைமன் ஸேஸ். எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், "சைமன் ஸேஸ்"னு முன்னாடி சொன்னா மட்டும் செய்யணும், வெறும் கமாண்ட் வந்தா அசையக் கூடாது.

"சைமன் ஸேஸ் டச் யுவர் நோஸ்"னு சொல்லிட்டு சும்மா ஒரு குறும்புக்கு நான் என் காதத் தொட்டேன். முக்கால்வாசிக் கிளாஸ் காதத் தொட்டுச்சு! அப்பதான் உறைச்சுது, இவ்வளவு நேரம் யாரும் நான் சொன்னத கேக்கவே இல்ல, என் கையப் பாத்துக் காப்பி அடிச்சிருக்காங்க. உடனே கிளாஸுக்குப் பின்னாடி போயி நின்னு சொன்னேன். ஒரு ரெண்டு செகண்ட் எல்லாரும் பேந்தப் பேந்த முழிச்சாங்க, அப்புறம் ஒவ்வொரு கையா மெதுவா மூக்குக்குப் போச்சு. அந்த ரெண்டு செகண்டுதான் உண்மையான லிசனிங்.

பசங்க வாயே திறக்கலயேன்னு எனக்கு உறுத்துனது உண்மைதான். ஆனா ஜேம்ஸ் ஆஷர்னு ஒரு சைக்காலஜிஸ்ட், 1960கள்ல டோட்டல் ஃபிசிக்கல் ரெஸ்பான்ஸ்னு ஒரு முறைய உருவாக்குனவர், அவர் சொல்றதே இதுதான், முதல்ல கேட்டு உடம்பால பதில் சொல்லட்டும், பேச்சு தானா பின்னாடி வரும்னு. குழந்தை பேசுறதுக்கு ரொம்ப முன்னாடியே "அந்தப் பந்த எடுத்துட்டு வா"ன்னா எடுத்துட்டு வருதுல்ல, அந்த மாதிரி.

ஆனா தப்பு பண்றவங்கள அவுட் ஆக்கி உக்கார வைக்கிற ரூல் எனக்குப் பிடிக்கல, பிராக்டிஸ் அதிகமா வேண்டியவங்கதான் முதல்ல அவுட் ஆகுறாங்க, அவங்கள உக்கார வச்சுட்டா எப்படி? இனிமே அவுட் ஆனா அடுத்த கமாண்ட் அவங்க சொல்லணும்.

12 ஜூன், வியாழன்

தொண்டை கட்டிருச்சு. இன்னிக்கு ஒண்ணும் பண்ணல.

17 ஜூன், செவ்வாய்

ரன்னிங் டிக்டேஷன். அஞ்சு வரி பத்தி ஒண்ண பிரிண்ட் எடுத்து கிளாஸுக்கு வெளிய சுவத்துல ஒட்டியாச்சு. ஜோடில ஒருத்தர் ஓடிப் போயி படிச்சு, மனசுல வச்சுக்கிட்டு ஓடி வந்து சொல்லணும், இன்னொருத்தர் எழுதணும். படிக்கிறது, ஞாபகம் வச்சுக்கிறது, சொல்றது, கேக்குறது, எழுதுறது எல்லாம் ஒண்ணா வந்துரும், என்னக் கேட்டா வார்ம்-அப்ல இதுக்கு மேல ஒண்ணு கிடையாது.

காகிதத்துலதான் அப்படி. நெசத்துல என்ன ஆச்சுன்னா, ரெண்டு பேரு வாசல்ல மோதி ஒருத்தனுக்கு நெத்தி வீங்கிருச்சு, ஒருத்தி ஓடாம வாசல்ல நின்னுக்கிட்டே "டி, ஓ, ஜி"ன்னு ஸ்பெல்லிங்கா கத்துறா, பக்கத்து கிளாஸ் சார் வந்து எட்டிப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாமப் போனாரு, திட்டிருந்தா கூட தேவலன்னு இருந்துச்சு. அப்புறம் நான் பிளான் பண்ணி வச்சிருந்த பேச்சுப் பயிற்சி நடக்கவே இல்ல, கொதிச்ச பாலு அடங்கவே 15 நிமிஷம் ஆச்சு.

சின்னப் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கிற டீச்சர்ஸ் ஸ்டிர்ரர், செட்லர்னு ரெண்டு வார்த்தை சொல்வாங்க, கிளப்பி விடுறது ஒண்ணு, அடக்கி உக்கார வைக்கிறது ஒண்ணு. கிளப்பி விட எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு அடக்கத் தெரியல. யோசிச்சா இந்த ஆட்டத்துக்குள்ளயே அது இருக்கு, முடிஞ்சதும் சுவத்துல இருக்கிறத போர்டுல போட்டு அவங்க எழுதுனத அவங்களே பென்சிலால திருத்தட்டும், தலை தானா குனிஞ்சுரும். இன்னும் ஒண்ணு, ஓடக் கூடாது, வேகமா நடக்கணும், கத்துனா ஒரு பாயின்ட் போச்சு.

20 ஜூன், வெள்ளி

இன்னிக்கு செம. இடது சுவரு பன்னி, வலது சுவரு பெரிசு. நான் "பிக்"னு சொல்வேன், பன்னின்னு காதுல விழுந்தா இடது பக்கம் போகணும், பெரிசுன்னு விழுந்தா வலது பக்கம்.

இத இங்க எழுதிக் காட்டவே முடியலங்கிறதுதான் வேடிக்கை, ரெண்டுமே தமிழ்ல "பிக்"தான்! நமக்கு ரெண்டு சத்தத்துக்கும் ஒரே ப. பிரச்சனையும் அங்கதான், முதல் ரவுண்டுல கிளாஸே நடுவுல முட்டிக்கிட்டு நின்னுச்சு. அப்புறம் ஆளுக்கொரு பேப்பர் துண்டு குடுத்து உதட்டுக்கு முன்னாடி பிடிக்கச் சொன்னேன். பன்னிய இங்கிலீஷ்ல ஒழுங்கா சொன்னா ஒரு காத்து வந்து பேப்பர் ஆடும், பெரிசுக்கு ஆடாது. அவ்வளவுதான், கிளாஸ் முழுக்க பேப்பர வச்சு ஊதிக்கிட்டே இருந்தாங்க. ரெண்டாவது ரவுண்டுல அவங்கள்ல ஒருத்தர சொல்ல விட்டேன், பாதிப் பேரு தப்பான சுவத்துக்குப் போனதும் சொன்னவன் "டேய் நான் பன்னி டா, பன்னி!"ன்னு கத்த, அதுக்கு மேல கிளாஸ் நடத்த முடியல.

நேரம் இருந்தா தர்ட்டீன், தர்ட்டி. தர்ட்டீனுக்கு அழுத்தம் கடைசில, தர்ட்டிக்கு முதல்ல, அழுத்தம் வர்ற இடத்துல குதிக்கணும். இது இன்னொரு நாள்.

27 ஜூன், வெள்ளி

ஃபைண்ட் சம்ஒன் ஹூ. நீச்சல் தெரிஞ்ச ஒருத்தர், அக்கா இருக்கிற ஒருத்தர், இப்படி எட்டு வரி, எழுந்து நடந்து கேள்வி கேட்டு கண்டுபிடிச்சு பேர் எழுதணும். "கேன் யூ ஸ்விம்?"னு கேப்பாங்கன்னு பாத்தா, பேப்பர நீட்டி விரல வச்சுக் காட்டி "போடு போடு"ன்னு கையெழுத்து வாங்குறானுங்க, ஏதோ மனு குடுக்கப் போற மாதிரி. பேப்பர எல்லாம் டெஸ்க்லயே வைக்கச் சொல்லிட்டேன், போயி கேட்டுட்டு திரும்பி வந்து எழுதட்டும்.

மூணாவது பெஞ்சுல ஒரு பொண்ணு. பந்து வந்தா குனிஞ்சுக்குது, நடக்கச் சொன்னா ஷூ லேஸ் கட்டுது. பயமும் கூச்சமும் இருந்தா காதுல விழுற மொழி உள்ள இறங்காது, அந்தத் தடுப்பத்தான் ஸ்டீபன் க்ராஷென்னு ஒரு மொழியியல் ஆய்வாளர் அஃபெக்டிவ் ஃபில்டர்னு சொல்றாரு. ஆட்டம் பாட்டம்னு வச்சா அது தானா விலகிரும்னு நான் நெனச்சுட்டு இருந்தேன். இவளுக்கு அந்தப் பறந்து வர்ற பந்துதான் பயமே. எனக்கு அது தோணவே இல்ல பாருங்க. பந்து வந்தா வேண்டாம்னு அடுத்தவங்களுக்குப் போடலாம்னு எல்லாருக்கும் பொதுவா ஒரு ரூல் போட்டாச்சு. அவள மட்டும் குறிப்பிட்டு ஒண்ணும் சொல்லல.

2 ஜூலை, புதன்

மீட்டிங் இழுத்துருச்சு, பத்து நிமிஷம் லேட். கிளாஸ்ல சத்தமே இல்ல, எவன் மண்டைய உடச்சானுங்களோன்னு ஓடிப் போனா, எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறாங்க, அந்த மூணாவது பெஞ்சுப் பொண்ணு முன்னாடி நிக்குது. சைமன் ஸேஸ் ஓடிட்டு இருக்கு, அவ அவுட் ஆயிருக்கா, ரூல்படி அவதான் சொல்லணும். அவ குரல் பக்கத்துல இருக்கிறவங்களுக்கே கேக்காது, அதனால 37 பேரும் மூச்ச அடக்கிக்கிட்டு காதத் தீட்டி வச்சிருக்காங்க. நான் தொண்டை கிழியக் கத்தியும் வராத அமைதி.

அவ என்னப் பாத்துட்டு மெதுவா "சிட் டவுன்"னா. மூச்சு வாங்குதே, நான் பாட்டுக்கு சேர்ல உக்காந்துட்டேன். மத்த யாரும் உக்காரல.

"மிஸ் அவுட்டு! சைமன் சொல்லவே இல்ல மிஸ்!"

அடுத்த கமாண்ட் நான் சொல்லணுமாம்.