நான்கு தந்தியா, ஐந்து தந்தியா

என்னிடம் உள்ள நான்கு தந்தி பிரிசிஷன் பேஸ் கித்தாரைக் கடையில் கொடுத்து, மேற்கொண்டு பணம் கட்டி, ஐந்து தந்தி ஜாஸ் பேஸ் ஒன்றை எக்ஸ்சேஞ்சில் எடுப்பதா என்று வெகுநாள் யோசித்து, இப்போது முடிவுக்கு வந்திருக்கிறேன்.

மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிப்பவருக்கு இந்த எண்ணம் எழக் காரணம் பாடகர்களின் கட்டைதான், அதாவது அவர்கள் பாடும் சுருதி. நான்கு தந்தி பேஸின் தடித்த தந்தி மேற்கத்திய சுரமான 'ஈ'யில், அதாவது மூன்று கட்டையில் நிற்கிறது. அந்தச் சுருதியில் பதிவான பாடலை மேடையில் பாடுபவரின் குரலுக்காக இரண்டு கட்டைக்கு இறக்கும்போது, பல்லவி வந்து அமரும் ஆதார சட்ஜமே என் கருவியின் எல்லைக்குக் கீழே போய்விடுகிறது. அதை ஒரு ஸ்தாயி மேலே வாசித்தால் சுரம் தவறாது. ஆனால் பாட்டின் கனம் குறைந்துவிடும். இளையராஜாவின் பாடல்களில் பேஸ் பல இடங்களில் தனி மெட்டாகவே நடக்கிறது. கீழே இறங்கிக்கொண்டிருக்கும் அந்த மெட்டைப் பாதியில் மேலே தூக்கி வைக்க எனக்கு மனம் ஒப்புவதில்லை.

ஐந்தாவது தந்தி இருந்தால் 41 ஹெர்ட்ஸிலிருந்து 31 ஹெர்ட்ஸ் வரை இறங்கலாம். ஆனால் அதே 34 அங்குல நீளத்தில் அவ்வளவு தாழ்ந்த சுரம் பிறக்க மிகத் தடித்த தந்தி வேண்டும்; கடையில் வாசித்துப் பார்த்தபோது, அந்தத் தந்தியின் நாதம் மற்ற நான்கோடு சேராமல் தளர்ந்து ஒலித்தது. கல்யாண மண்டபங்களில் கிடைக்கும் ஸ்பீக்கர்கள் பலவும் அந்த ஆழத்தை முழுமையாகக் கொடுப்பதில்லை என்பதையும் நான் கணக்கில் கொள்ள வேண்டும்.

இதைவிட முக்கியமானது இரைச்சல். ஃபெண்டர் நிறுவனம் 1957இல் பிரிசிஷன் பேஸுக்குக் கொடுத்த, தந்தியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் இரு துண்டுப் பிக்கப்பில், ஒரு சுருளில் சேரும் மின் இரைச்சலை மற்றொன்று அழித்துவிடுகிறது. 1960இல் வந்த ஜாஸ் பேஸின் அமைப்பைப் பின்பற்றும் கருவிகளில், ஒற்றைச் சுருள் பிக்கப்புகள் இரண்டில் ஒன்றைக் குறைத்தாலே இரைச்சல் தலைகாட்டும். சீரியல் விளக்குகளும் ஜெனரேட்டரும் சூழ்ந்த மேடையில் இது சிறிய விஷயமல்ல. ஜாஸ் பேஸின் கழுத்து மெலிந்திருப்பது கைக்கு இதமாகத்தான் இருந்தது. ஐந்து தந்தி என்றால் கழுத்து அகன்று அந்த இதமும் போய்விடுகிறது.

எங்கள் குழு வாசிக்கும் பாடல்களின் கட்டைகளை எழுதிப் பார்த்ததில், எனக்குக் குறைபடும் சுரங்கள் பெரும்பாலும் இரண்டரைக் கட்டையும் இரண்டு கட்டையும்தான். அதற்குக் கீழே போவது அரிது. ஆகவே பிரிசிஷனைக் கொடுக்கப்போவதில்லை. தடித்த தந்தியின் முறுக்காணியில் ஒரு நெம்புகோலைத் தட்டினால் அது 'ஈ'யிலிருந்து 'டி'க்கு, அதாவது இரண்டு கட்டைக்கு இறங்கி, திருப்பினால் பழைய இடத்திற்கே வரும்படியான ஆணி கிடைக்கிறது; அதைப் பொருத்தப்போகிறேன். இறக்கிய தந்தியில் ஒவ்வொரு சுரமும் இரண்டு ஃப்ரெட் (கழுத்தில் உள்ள உலோகக் கட்டம்) தள்ளி வரும் என்பதால், விரல்களுக்கு அதைப் பழக்க வேண்டும்.