உதறி மடிக்காத படுக்கை

1999-இல் இலண்டன் டேட் காட்சிக்கூடத்தில் நடந்த சமகாலக் கலைக்கான டர்னர் பரிசுக் கண்காட்சியில், மனமுடைந்து சில நாட்கள் எழாமல் கிடந்த தம் படுக்கையையே பிரிட்டிஷ் கலைஞர் டிரேசி எமின் காட்சிக்கு வைத்தார்: கசங்கிய விரிப்பு, காலி வோட்கா பாட்டில்கள், சிகரெட் துண்டுகள், கழற்றிப் போட்ட செருப்பு. பரிசு என்னவோ இன்னொரு கலைஞரான ஸ்டீவ் மெக்வீனுக்குத்தான் போனது. அங்கே காட்டப்பட்ட மெக்வீனின் கறுப்பு வெள்ளைக் குறும்படமொன்றில், வீட்டின் முகப்புச் சுவர் அவர் மேலேயே சாய, சன்னல் திறப்பு அவர் நின்ற இடத்துக்கு நேராக வந்து விழுவதால், அசையாமல் அப்படியே நிற்கிறார். புகைப்படங்களில் இரண்டையும் அருகருகே பார்த்தபோது என்னை அதிகம் கலங்கடித்தது படுக்கைதான். சுவர் விழுந்து நான் கண்டதில்லை. விருந்தினர் வருமுன் அவசர அவசரமாக விரிப்பை உதறி மடித்த காலைகள் நன்றாகவே நினைவிருக்கின்றன.