அம்மா கேட்காத ராசிபலனும் அதற்குப் போன காசும்

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வைத்திருக்கும் சிம் யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் விசாரித்து வையுங்கள். கேட்காத ஒரு சேவைக்காக அம்மாவின் பேலன்ஸிலிருந்து எடுத்த காசைத் திரும்ப வாங்க எங்களுக்கு ஆன நேரத்தில் பாதியைத் தின்றது அந்த ஒரு விஷயம்தான். மீதிப் பாதியைத் தின்றது கஸ்டமர் கேர்.

அம்மா உசிலம்பட்டிப் பக்கம் ஊரில் இருக்கிறார். பட்டன் போன். வேலிடிட்டியோடு கொஞ்சம் டாக்டைமும் சேர்ந்து வருகிற சின்ன ரீசார்ஜை மதுரையிலிருந்து நான்தான் போட்டுவிடுவேன். அம்மா பேசுகிற பேச்சுக்கு அது மாதம் முழுக்கத் தாங்கும். திடீரென்று பாதி மாதத்திலேயே மிஸ்டு கால் வர ஆரம்பித்தது. திருப்பிக் கூப்பிட்டால், "காசு இல்லைங்குதுப்பா, நான் யாருகிட்டயும் பேசலையே" என்கிறார். ஊருக்குப் போனபோது இன்பாக்ஸைத் திறந்து பார்த்தேன். தினமும் காலையில் ஆங்கிலத்தில் ஒரு ராசிபலன். அதன் பின்னாலேயே, 5 ரூபாய் எடுத்துக்கொண்டோம் என்று இன்னொரு மெசேஜ், அதுவும் ஆங்கிலத்தில். அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ராசிபலன் பார்க்க வேண்டுமென்றால் சுவரில் தினசரிக் காலண்டர் தொங்குகிறது. கொடுமை என்னவென்றால், வந்ததெல்லாம் மேஷத்துக்கான பலன். அம்மா கன்னி ராசி.

இது எப்படி ஒட்டிக்கொண்டது என்பதையும் அன்றைக்கே கண்ணால் பார்த்தேன். ஃபிளாஷ் மெசேஜ் என்று ஒன்று உண்டு. அது இன்பாக்ஸுக்குப் போகாது, நேராகத் திரையின் மேல் வந்து குதிக்கும். போன் என் கையில் இருந்தபோதே ஒன்று வந்தது. ஆங்கிலத்தில் நாலு வரி, ஏதோ பாட்டு, ஏதோ பரிசு, கீழே 'ஓகே', 'கேன்சல்'. நடுப் பட்டனை அழுத்தினால் ஓகே. மிஸ்டு கால் அறிவிப்பைத் திரையிலிருந்து அகற்ற அம்மா தினமும் அழுத்துவதும் அதே நடுப் பட்டன்தான். படிக்கத் தெரியாதவர் வேறு எதை அழுத்துவார்? இதை உட்கார்ந்து யோசித்து வடிவமைத்த ஆள் ஒருவன் எங்கேயோ சம்பளம் வாங்குகிறான்.

சேவையை நிறுத்துவது சுலபம். 155223 என்ற இலவச எண்ணுக்கு அழைத்தேன், அன்றைக்கே நின்றது. எல்லா நிறுவனத்துக்கும் அதே எண்தான். நிறுத்தியதோடு பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். அஞ்சு ரூபாய்க்கு யார் அலைவார் என்ற அந்தக் கணக்கில்தான் இந்த வியாபாரமே ஓடுகிறது. எனக்கு விட மனசில்லை. போன காசு ஏறத்தாழ 400 ரூபாய். அம்மாவுக்கு அது பல மாத ரீசார்ஜ்.

புகாருக்கு 198. அது இலவசம். பழக்க தோஷத்தில் பொதுத் தகவல் எண்ணான 121-க்கு அடித்தால், ஆளிடம் பேசுவதற்குக் காசு எடுக்கக்கூடும். காசைக் காணோம் என்று சொல்லக் காசு கொடுக்காதீர்கள். 198-ல் ஏகப்பட்ட எண்களை அழுத்திய பிறகு ஒரு பையன் வந்தான். மரியாதையாகத்தான் பேசினான். ஆனால் எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "மேடம் தெரியாம ஏதாவது பட்டனை அமுக்கியிருப்பாங்க சார்."

"சரி தம்பி, அமுக்கினாங்கன்னே வச்சுக்குவோம். அதுக்கப்புறம் உறுதி செய்யணும்ல, அதை எப்ப செஞ்சாங்க?"

"சிஸ்டத்துல ஆக்டிவேட்டடுன்னு காட்டுது சார்."

"காசு?"

"24 மணி நேரத்துக்குள்ள சொல்லியிருந்தா ரீஃபண்ட் பண்ணியிருக்கலாம் சார்."

ஆங்கிலம் தெரியாத ஒருவர், ஆங்கிலத்தில் வந்த மெசேஜைப் படித்து, ஒரே நாளில் போன் போட்டுச் சொல்லியிருக்க வேண்டுமாம். சரி என்று டாக்கெட் நம்பர், அதாவது புகாரின் பதிவு எண் கேட்டேன். கேட்ட பிறகுதான் கொடுத்தான். இதை அழுத்திச் சொல்கிறேன்: டாக்கெட் நம்பர் மெசேஜாக வந்து சேரும்வரை லைனை விடாதீர்கள். அது இல்லாவிட்டால் நீங்கள் பேசியதற்கே சாட்சி இல்லை.

அடுத்தது ஷோரூம். ப்ரீபெய்டு ஆட்களும் எழுதிக் கேட்டால், கடந்த ஆறு மாதங்களுக்கு உட்பட்ட வரவு செலவு விவரத்தை நிறுவனம் தர வேண்டும், அதற்கு 50 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2012-இல் போட்ட விதி ஒன்று இருக்கிறது. எந்தத் தேதியில் எவ்வளவு எடுத்தார்கள் என்று அதில் வந்துவிடும், அதை வைத்துப் பேசலாம் என்பது என் எண்ணம். டோக்கன் போட்டுக் காத்திருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது ஜென்ட்ஸ் பேர்ல இருக்கே சார்" என்றார். அப்பா பெயர். அவர் இருந்தபோது வாங்கின சிம், அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

"கஸ்டமர் நேர்ல வரணும் சார்."

"அவர் தவறிட்டாரும்மா."

சற்று யோசித்தார். "அப்ப ஒரு ஆதரைசேஷன் லெட்டர் வாங்கிட்டு வாங்க." யாரிடம் என்று கேட்டேன். அவருக்கே அபத்தம் புரிந்து உள்ளே போனார், மேனேஜரோடு வந்தார். மேனேஜர் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கேட்டார். ஊருக்குப் போய் பீரோவைக் குடைந்து இரண்டையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தால், இந்த முறை வேறு ஆள். அவர் சொன்னது இது: முதலில் நம்பரை அம்மா பெயருக்கு மாற்ற வேண்டும், மாற்றின பிறகுதான் விவரம் தர முடியும். சரி, மாற்றுங்கள். ஆனால் மாற்றத்துக்கு முந்தைய விவரம் பழைய வாடிக்கையாளருடையது, அதைப் புதியவருக்குத் தர முடியாது! ஆக, அந்தக் கணக்கைப் பார்க்கத் தகுதியுள்ள ஒரே ஆள் எங்கள் அப்பா. பேச்சு மூச்சில்லாமல் வெளியே வந்து டீ குடித்தேன்.

அந்த வரவு செலவு விவரத்துக்காக இன்னும் முட்டிக்கொண்டிருக்கலாம். வேண்டாம் என்று முடிவு செய்தேன். கையில் இருப்பதை வைத்தே போகலாம். அம்மாவின் இன்பாக்ஸில் மிச்சமிருந்த மெசேஜ்களை ஒவ்வொன்றாகத் திறந்து, தேதி தெரிகிற மாதிரி என் போனில் படமெடுத்தேன். பட்டன் போனில் ஸ்கிரீன்ஷாட் எடுக்க வழியில்லை. வெளிச்சம் திரையில் பட்டுப் பளபளக்காமல் இருக்க, முந்தானையை விரித்து நிழல் பிடித்தது அம்மா. இன்பாக்ஸ் நிறைந்துவிட்டது என்று பழையதை அழிக்கவிருந்தாராம். உங்கள் வீட்டில் இப்படி நடந்தால் முதல் வேலையாக 'எதையும் அழிக்காதீங்க' என்று சொல்லிவிடுங்கள். என் பேமெண்ட் ஆப்பில் ரீசார்ஜ் போட்ட தேதிகள் எல்லாம் இருந்தன. முன்னால் மாதத்துக்கு ஒன்று, அப்புறம் எப்படி நெருங்கி நெருங்கி வந்தது என்று அதிலேயே பளிச்சென்று தெரிந்தது.

இதற்கிடையில் 198-ல் கொடுத்த புகார் 'தீர்க்கப்பட்டது' என்று மெசேஜ் வந்துவிட்டது. யாரும் கூப்பிடவில்லை, ஒன்றும் விசாரிக்கவில்லை. அதைப் பார்த்துச் சோர்ந்துவிட வேண்டாம். நிறுவனத்துக்குள்ளேயே மேல்முறையீட்டு அதிகாரி என்று ஒருவர் இருக்கிறார். 2012-ஆம் ஆண்டு விதிமுறைப்படி 30 நாளுக்குள் அவரிடம் போகலாம். கட்டணம் இல்லை. மின்னஞ்சலே போதும். 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். முகவரி நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும். ஆனால் ரீசார்ஜ் பட்டன் கண்ணில் படுகிற மாதிரி படாது, அடியில் பொடி எழுத்தில் தேட வேண்டும். சிம் யார் பெயரில் என்ற பேச்சை இங்கே யாரும் எடுக்கவில்லை. நம்பரும் டாக்கெட்டும் இருந்தால் போதுமாயிருந்தது.

நான் எழுதியதில் வேலை செய்தது எது என்று இப்போது யோசித்தால், ஒரே ஒரு விஷயம். அம்மா பட்டனை அழுத்தினாரா இல்லையா என்ற வாதத்துக்குள் நான் போகவே இல்லை. போனால் தோற்போம். அழுத்தவில்லை என்று யாரால் நிரூபிக்க முடியும்? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013 ஜூலையில் போட்ட உத்தரவு, இந்த மாதிரிச் சேவைக்கு இரட்டை உறுதிப்படுத்தல் வேண்டும் என்கிறது. வாடிக்கையாளர் ஒரு முறை சரி என்றால் போதாது. இரண்டாவது முறை தொலைபேசி நிறுவனமே தன் சொந்த ஏற்பாட்டின் மூலம் கேட்டு, அதற்கும் சரி என்ற பிறகுதான் காசு எடுக்கலாம். ராசிபலன் விற்கிறவனே கேட்டு அவனே சரி போட்டுக்கொள்கிற வித்தையைத் தடுக்கத்தான் இது. ஆகவே நான் கேட்டது: முதல் ஒப்புதல் எந்தத் தேதி, எத்தனை மணிக்கு? இரண்டாவது ஒப்புதல் எப்போது, எந்த வழியில் வாங்கினீர்கள், எந்த மொழியில் கேட்டீர்கள்? பதிவை அனுப்புங்கள். படங்களை இணைத்தேன். முடிந்தது. கோபமாக எழுதின முதல் மூன்று பத்திகளை என் மனைவி படித்துப் பார்த்து வெட்டிவிட்டாள். அவளுக்கு நன்றி.

மேல்முறையீட்டு எண் வந்தது. பிறகு ஒரு நாள் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். 'நல்லெண்ண அடிப்படையில்' 50 ரூபாய் வரவு வைக்கிறோம், புகாரை முடித்துக்கொள்ளலாமா என்றார். ஒப்புதல் பதிவு கிடைத்ததா என்று கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்றார். அடுத்த தடவை கூப்பிட்டபோது தொகை 150 ஆகியிருந்தது. மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டேன். பேரம் பேசாதீர்கள், கேள்வியை மட்டும் திருப்பிக் கேட்டுக்கொண்டிருங்கள். கடைசியில் முழுத் தொகையும் அம்மாவின் பேலன்ஸில் ஏறியது. பதிவு கடைசிவரை வரவில்லை. முடிவு மின்னஞ்சலிலும் 'நல்லெண்ண அடிப்படை'தான். தப்பு என்ற சொல் எங்கேயும் இல்லை.

எனக்கு எரிச்சல் இன்னும் அடங்காதது இந்த இடத்தில்தான். இந்தக் காசில் பெரும்பங்கு பொதுவாகப் போவது தொலைபேசி நிறுவனத்துக்கு. மிச்சம்தான் ராசிபலன் அனுப்புகிறவனுக்கு. அப்படியிருக்க, புகாரை வாங்குவதும் அதே நிறுவனம், மேல்முறையீட்டு அதிகாரியை நியமிப்பதும் அதே நிறுவனம். மாமியார் உடைத்தால் மண்குடம் என்கிற கதைதான். டிராய்க்கு எழுதலாமே என்று சிலர் சொன்னார்கள். தனிநபர் புகாரை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் டிராய்க்குச் சட்டத்திலேயே கொடுக்கப்படவில்லை. அங்கே போகிற புகார் சுற்றி வந்து நிறுவனத்தின் மேசைக்கே வரும். உத்தரவு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது மீறப்பட்டால் அதைக் கிளப்ப வேண்டியது உசிலம்பட்டியில் இருக்கும் ஒரு அம்மா. ஒருவர் கேட்டால் ஒருவருக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள். கேட்காதவர்களின் அஞ்சு ரூபாய்கள் அப்படியே இருக்கின்றன.

மேல்முறையீட்டில் தோற்றிருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருந்தேன். 'போன் விஷயமெல்லாம் அங்கே எடுக்க மாட்டாங்க' என்று ஷோரூமிலேயே ஒருவர் சொன்னார். அது பழைய கதை. 2009-இல் உச்ச நீதிமன்றம், பழைய தந்திச் சட்டத்தைக் காட்டி அப்படி ஒரு தீர்ப்பு சொன்னது உண்மை. 2022 பிப்ரவரியில் அதே நீதிமன்றம், தனியார் தொலைபேசி நிறுவனம் ஒன்றின் வழக்கில், நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தடையில்லை என்று சொல்லிவிட்டது. 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணமும் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. யாராவது உங்களிடம் அந்தப் பழைய கதையைச் சொன்னால் 2022 தீர்ப்பைச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பலரும் குழப்பிக்கொள்வது. 1909-க்கு மெசேஜ் அனுப்பி 'தொந்தரவு செய்யாதே' பட்டியலில் சேர்ந்துவிட்டால் இதெல்லாம் நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். அது விளம்பர அழைப்புகளுக்கும் மெசேஜ்களுக்கும்தான். ஏற்கெனவே ஒட்டிக்கொண்ட சேவைக்கு 155223 மட்டுமே. அம்மாவின் நம்பர் 1909 பட்டியலில் வருடக்கணக்காக இருந்தும்தான் இத்தனையும் நடந்தது.

சிம்மை அம்மா பெயருக்கு மாற்ற விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். வாரிசுகள் எல்லோரும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். தம்பி துபாயில் இருக்கிறான். அவன் கையெழுத்து ஸ்கேன் பிரதியாக இருந்தால் போதுமா, அசலே வேண்டுமா என்பதில் கவுண்டருக்கு ஒரு பதிலும் மேனேஜருக்கு ஒரு பதிலும் இருப்பதால், அசலையே கூரியரில் வரவழைத்துக்கொண்டிருக்கிறேன்.