புகாரை வரையச் சொன்னேன், பிள்ளைகள் ஏ9 வீதியை வரைந்தார்கள்

போன விடுமுறையில் வன்னியில் முள்ளியவளைப் பக்கம் ஒரு வாசிகசாலையில் மூன்று நாள் பிள்ளைகளோடு இருந்தேன். தரம் 6 முதல் 9 வரை பதினொரு பேர். சிலப்பதிகாரத்தில் இந்திரவிழவூரெடுத்த காதையில் வரும் புகார் என்ற சோழர் துறைமுக நகரத்தை வரி வரியாக வாசித்துப் பொருள் சொல்வது, பிறகு அதை நீளமான பிறவுண் பேப்பர் சுருளில் ஒரே படமாக வரைவது, இவ்வளவுதான் திட்டம். கடற்கரைப் பக்கம் மருவூர்ப்பாக்கம், உள்பக்கம் பட்டினப்பாக்கம், இரண்டுக்கும் நடுவில் நாளங்காடி என்ற பகல் சந்தை என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பேப்பரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் ஒரே ஒரு நேர் வீதி, கிளிநொச்சி ஊடாக யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 மாதிரி. இரண்டு பக்கமும் கடைகள், கடைகளுக்குப் பின்னால் வளவுகள், வளவுகளுக்குப் பின்னால் வயலும் ஒரு குளமும். கிளிநொச்சிக்கும் புகாருக்கும் இடையில் இருந்த ஒரே வித்தியாசம் தொங்கலில் கிடந்த கடலும் ஒரு பாய்க்கப்பலும்தான்.

முதலில் திருத்தத்தான் போனேன். பட்டினம் என்றால் தெருக்கள் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும் என்று சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். இந்தப் பிள்ளைகளுக்கு நகரம் என்றால் ஒரு வீதிதானே. பரந்தன் சந்தி, கரடிப்போக்குச் சந்தி, டிப்போச் சந்தி என்று சந்தி சந்தியாகக் கோர்த்த ஒரு நூல் மாதிரித்தான் கிளிநொச்சி நீண்டு கிடக்கிறது, அதை யாரும் அகலவாக்கில் நினைத்துப் பார்ப்பதில்லை. காதையைத் திரும்ப வாசித்தேன். அரசவீதி, தேர்வீதி, பீடிகைத் தெரு என்று தெருக்களுக்குப் பெயர் இருக்கிறது, ஆனால் எது எதை வெட்டிப் போகிறது என்று இளங்கோ சொல்லவில்லை. எத்தனை பாகம் அகலம் என்றும் சொல்லவில்லை. யாருக்குப் பக்கத்தில் யார் என்று மட்டும் சொல்லிக்கொண்டே போகிறார். சுண்ணமும் சாந்தும் விற்கிறவர்கள், நெசவுகாரர், கூலக்கடைகள், மீன் விற்கிறவர்கள், உப்பு விற்கிறவர்கள், கன்னார், தச்சர், தட்டார், தையற்காரர், அதற்குள் கடல் கடந்து வந்த யவனர் வீடுகள். நகரம் என்பது அவருக்கு முழுக்க முழுக்க அயலவர்கள்.

எனக்குத் தொழில் வீட்டுப்படம் வரைவது. பிரதேச சபையில் அனுமதி எடுப்பதற்காகத் தினமும் வரைகிற படங்களில் எல்லாம் அளவுதான்: வீதியிலிருந்து எத்தனை அடி, கிணற்றிலிருந்து மலசலகூடக் குழி எத்தனை அடி, எல்லைக் கல் எங்கே. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து அயலில் யார் இருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. வேலிக்கு அந்தப் பக்கம் வெறும் கோடும் ஒரு காணி இலக்கமும்தான். பழைய பாட்டுகளைப் படமாக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு அங்கிருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன்.

வெளிநாடுகளில் இதைப் பாடமாகவே செய்கிறார்கள். இத்தாலிய எழுத்தாளர் இதாலோ கால்வினோ 1972இல் எழுதிய நூலில் மார்க்கோ போலோ குப்ளாய் கானுக்கு 55 நகரங்களைச் சொல்வார், எல்லாம் கற்பனை நகரங்கள். கட்டடக்கலை மாணவர்கள் அவற்றை எடுத்துப் படமாகவும் மாதிரியாகவும் செய்து பழகுவார்கள். நல்ல பயிற்சிதான், நானும் ஒன்றிரண்டு செய்து பார்த்தேன். ஆனால் எங்களிடம் இருப்பது வேறு வகை. பூம்புகாரில் 1970களில் ஏழுநிலை மாடமாகக் கட்டிய சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைப் படங்களில்தான் பார்த்திருக்கிறேன், கதைக் காட்சிகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அதில் கண்ணகியும் கோவலனும் இருக்கிறார்கள். எனக்கு அந்த உப்பு விற்கிறவரும் வேண்டும்.

அளவே இல்லை என்றும் சொல்ல முடியாது. நெடுநல்வாடை என்ற சங்கப் பாட்டில் நக்கீரர் அரண்மனைக்கு மனை வகுப்பதைச் சொல்லும் இடத்தைக் கிளிநொச்சி மேசன் ஒருவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். இரண்டு கோல் நட்டு, நிழல் ஒரு பக்கமும் சாயாத நண்பகலில் திசை குறித்து, நுணுக்கமாகக் கயிறு பிடித்து, தெய்வத்தை வேண்டிப் பிரிக்கிறார்கள். அவர் கேட்டுவிட்டு, "நாங்களும் தேங்காய் உடைச்சுப்போட்டு நூல் கட்டுறம்தானே தம்பி" என்றார். 188 அடிப் பாட்டு அது. எழுதியவர் ஒரு கட்டுமான வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்காமல் அப்படி எழுதியிருக்க முடியாது என்பது என் எண்ணம்.

மருவூர்ப்பாக்கத்தில் ‘மான்கண் காலதர் மாளிகை’ என்று ஒரு தொடர் வரும். காலதர் என்றால் யன்னல். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி என்று யன்னலுக்குப் பெயர் வைத்த மொழியில் இருந்துகொண்டு, பாதி மட்டும் திறக்கிற அலுமினியச் சறுக்கு யன்னலை நாங்கள் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே பூட்டி வைத்திருக்கிறோம் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். எனக்கு உண்மையாகவே வயிற்றெரிச்சல் அது. அந்த யன்னலை எப்படி வரைவது? மானின் கண் மாதிரி நீளவாக்கில் சின்னச் சின்னத் துளைகள் என்று நான் ஒரு சாளரம் கீறிக் காட்டினேன். வற்றாப்பளையிலிருந்து வந்த ஒரு பிள்ளை அதை ஏற்கவில்லை. மாளிகைச் சுவர் முழுக்கக் கண்களையே வரைந்தாள், இமையோடு, மையோடு. கேட்டால், "கண்ணகி அம்மனுக்கு ஆயிரம் கண்தானே அண்ணா" என்றாள். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி பத்தாவதாகத் தங்கிய இடம் என்பதால் பத்தாம்பளை, அதுவே வற்றாப்பளை ஆனது என்பது எங்கள் ஊர்க் கதை. கிழவியாக வந்தவளுக்கு மாடு மேய்க்கிற பெடியள் தலை பார்க்கும்போது கூந்தலுக்குள் ஆயிரம் கண்ணைக் கண்டார்கள், விளக்கெரிக்க எண்ணெய் இல்லாமல் கடல்நீரை ஊற்றினார்கள். அங்குள்ள கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கலுக்கு இன்றைக்கும் உப்புநீரில்தான் விளக்கு. அந்தப் பிள்ளைக்குச் சிலப்பதிகாரம் புத்தகம் இல்லை, அம்மம்மா வீட்டுச் செய்தி. நான் என் சாளரத்தை அழித்துவிட்டேன்.

புகாரைப் பாடுகிற இன்னொரு பழைய பாட்டான பட்டினப்பாலையையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டோம். புகாரின் தெருக்களில் வந்து குவிந்தவற்றில் ‘ஈழத்து உணவும்’ ஒன்று என்று வாசித்ததும் அறை முழுக்கச் சத்தம். எங்கட சாப்பாடா? என்ன சாப்பாடு? ஒருவன் முரசுமோட்டை நெல்லு மூட்டை என்றான், இன்னொருத்தி எருமைத் தயிர்ச் சட்டி என்றாள், கருவாடு என்று நாலு பேர் ஒரே குரலில். கடைசியில் எல்லாவற்றையும் கப்பலிலிருந்து இறக்கினார்கள்.

இரண்டாம் நாள் பின்னேரம் என் பெரியப்பாவைக் கூட்டி வந்தேன். இளமையில் கோவலன் கூத்தில் ஆடியவர். கூத்து ஆடுகிற வட்டக்களரியில் வீடும் இல்லை, வீதியும் இல்லை, மண்தரை மட்டும்தான். ஆனால் சிலம்பை விற்கப் புறப்பட்ட கோவலன் பாடிக்கொண்டு களரியைச் சுற்றிவர, சுற்றியிருக்கிற சனத்துக்கு மதுரை தெரிகிறது. அவர் எழுந்து அந்தச் சின்ன அறைக்குள் இரண்டு சுற்று ஆடிக் காட்டினார், முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்றாலும் திரும்புகிற இடத்தில் தோள் அப்படியே திரும்பியது. நான் சோக்கட்டியால் அவருடைய காலடிகளை நிலத்தில் குறித்துக்கொண்டு போனேன். நான் பார்த்த நகரப் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் சோக்குப் புள்ளிகள்தான், பிறகு வாசிகசாலை ஐயா கூட்டிவிட்டார்.

மூன்றாம் நாள் நாளங்காடி. அந்த வரியை நான் வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தேன். ‘இருபெரு வேந்தர் முனையிடம் போல’ என்று தொடங்குவார். இரண்டு பெரிய அரசர்களின் படைகள் எதிரெதிரே நிற்கும்போது நடுவில் கிடக்கிற நிலம் மாதிரி, இரண்டு பாக்கங்களுக்கும் இடையில் கிடந்தது சந்தை. மரம் நெருங்கிய சோலை, மரங்களே கடைக்குக் கால்கள், விற்கிற சத்தமும் வாங்குகிற சத்தமும் ஓயவே ஓயாது. பள்ளிக்கூடத்தில் படித்தபோது இடத்துக்கு ஓர் உவமை என்று சொல்லிவிட்டுக் கடந்துபோனோம். எனக்கு அப்படிக் கடந்துபோக முடியவில்லை. போர்நிறுத்தத்தில் ஏ9 பாதை திறந்திருந்த 2002க்கும் 2006க்கும் இடையில் அம்மாவோடு ஓமந்தைச் சோதனைச் சாவடி தாண்டியிருக்கிறேன். இராணுவத்தின் காவலரணுக்கும் புலிகளின் காவலரணுக்கும் நடுவில் கிடந்த துண்டுக்குச் சூனியப் பிரதேசம் என்று பெயர். அங்கேயும் மரங்கள் இருந்தன, ஆனால் ஒரு சத்தமும் இல்லை, அம்மா என் கையை நோகிற அளவுக்குப் பிடித்துக்கொண்டு நடந்தா. அப்படியொரு நிலத்தைப் பார்த்த இளங்கோவுக்கு எப்படிச் சந்தை நினைவுக்கு வந்தது என்று நான் வருடக்கணக்காக யோசித்திருக்கிறேன்.

நான் இதில் ஒன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. பொருளை மட்டும் சொன்னேன். பளைப் பக்கமிருந்து மாமா வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெடியன், "முகமாலை மாதிரியோ?" என்று, போர்முனையாக இருந்து மிதிவெடி நிறைந்துபோன இடத்தைச் சொல்லிக் கேட்டுவிட்டு, சிவப்பு நிறத்தை எடுத்து மரங்களுக்கு இடையில் மிதிவெடிப் பலகைகளை வரையத் தொடங்கினான், மண்டையோடும் குறுக்கு எலும்பும் சரியாக, பார்த்துப் பழகிய கை. அதே மரங்களின் கீழ் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் கத்தரிக்காய்க் குவியலும் தராசும் வரைந்து வைத்திருந்தார்கள். சண்டை வந்துவிட்டது. "பலகை நிக்கிற இடத்தில ஆர் வந்து வாங்குவினம்?" என்று அவர்கள், "அண்ணா வாசிச்சதிலயே இருக்கு" என்று அவன். என்னைப் பார்த்தார்கள். அழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, இரண்டு பக்கத்தையும்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவர்களில் ஒருத்தி ஒவ்வொரு பலகைக்கும் கீழே ஒரு ஆளை இருத்தினாள். ஒருவருக்கு முன்னால் வெற்றிலை, ஒருவருக்கு முன்னால் கருவாடு, மூன்றாவது ஆள் பலகையில் சாய்ந்துகொண்டு காசு எண்ணுகிறார். அந்தச் சுருள் இப்போது வாசிகசாலைச் சுவரில், மழை ஒழுக்குப் படாத பக்கமாகப் பார்த்துத் தொங்குகிறது.