மிருகம் பாடும்போது மட்டும்

2017-ல வந்த 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' மறுபடி பார்த்தேன். 1991 கார்ட்டூன் வெறும் 84 நிமிஷம், இது 129. கதை அதேதான். மிச்ச முக்கால் மணி நேரத்துல ஒரு பகுதி, கதாநாயகி பெல்லோட அம்மாவுக்கு என்னாச்சுன்னு பாரிஸ் வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வர்றதுக்கே சரியா இருக்கு. யாருப்பா கேட்டா?

பேசுற கடிகாரமும் டீ பானையும் நிஜப் பொருள் மாதிரியே இருக்கணும்னு மெனக்கெட்டதுல, முகத்துல இருந்த குறும்பு காணாமப் போச்சு. பெல் வேஷத்துல வர்ற எம்மா வாட்சன் குரலை ரொம்பவே மெருகேத்தின மாதிரி என் காதுக்குப் படுது.

ஆனா பாட்டு! ரெண்டு படத்துக்கும் இசை ஆலன் மென்கன். பழைய வரிகளை எழுதின ஹோவர்ட் ஆஷ்மன், முதல் படம் திரைக்கு வர்றதுக்கு முன்னாடியே, 1991 மார்ச்ல எய்ட்ஸால போயிட்டார். வயசு 40 தான். அவர் எழுதி, அப்போ சேர்க்காம விட்ட சில வரிகளை இந்தப் படத்துல வில்லன் கஸ்டோனைப் பத்தின பாட்டுல போட்டிருக்காங்க. அதுக்காகவே இந்தப் படத்தை மன்னிக்கலாம்.

புதுப் பாட்டுகளுக்கு வரி டிம் ரைஸ். பெல் கிளம்பிப் போனதும் மிருகம் கோபுரத்துல ஏறிக்கிட்டே பாடுமே, 'எவர்மோர்', கார்ட்டூன்ல இல்லாத அந்த இடம்தான் எனக்கு இதுல உசத்தி. மிருகமா வர்ற டான் ஸ்டீவன்ஸ் கனமான உடையும் பொய்க்காலும் மாட்டிக்கிட்டு நடிச்சாராம். வால்ட்ஸ் நடனமும் அதே பொய்க்கால்லதான். வாட்சன் கால் தப்பிச்சதே பெரிய விஷயம்!