துணியில் தைத்த கர்ப்பப்பை

முதல் கர்ப்பப்பையை 1996 ஐப்பசியில் தைத்தேன். அரக்குக் கலர் ரவிக்கைத் துணி அரை மீட்டர், கொஞ்சம் இலவம்பஞ்சு, பாவாடை நாடா ஒரு முழம், ஒரு கைப்பிடி கேழ்வரகு. வெளியே அடைமழை. மின்சாரம் இல்லை. துணை சுகாதார நிலையத்துத் திண்ணையில் உட்கார்ந்து ஒரே மதியத்தில் கையாலேயே தைத்து முடித்தேன்.

விளாத்திகுளம் பக்கம் கரிசல் காட்டு ஊர்கள் நாலுக்கு நான் கிராம சுகாதார செவிலியர். 1988இல் சேர்ந்தேன், 2024இல் ஓய்வு. எல்லோருக்கும் நான் நர்சம்மாதான்.

தைக்க வேண்டி வந்ததற்குக் காரணம் ஒரு படம். துறை கொடுத்த ஃபிளிப் சார்ட்டில் பெண்ணின் இடுப்புப் பகுதியைப் பெரிதாக வரைந்திருப்பார்கள். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் பெண்களிடம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதை விரித்துக் காட்டினேன். ஒரு அக்கா தூக்குச் சட்டியை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "இம்புட்டுப் பெருசா நர்சம்மா? அப்ப திங்கிற சோறு எங்கிட்டுப் போவும்?" யாரும் சிரிக்கவில்லை, எல்லோருக்கும் இருந்த சந்தேகம்தான் அது. படத்தில் இருப்பது எத்தனை மடங்கு பெரிதாக்கியது என்று சொல்ல எனக்குத் தோன்றியதே இல்லை. அன்றைக்கே முடிவு செய்தேன், உள்ளதை உள்ள அளவில் கையில் கொடுக்க வேண்டும்.

பிள்ளை இல்லாத நேரத்துக் கர்ப்பப்பை ஏழரை சென்டிமீட்டர் நீளம், மேல்பக்கம் ஐந்து சென்டிமீட்டர் அகலம். தலைகீழாகப் பிடித்த கொய்யாக்காய் மாதிரி. மேலே அகலம், கீழே ஒடுங்கி ஒரு கழுத்து, அந்தக் கழுத்துதான் கர்ப்பப்பை வாய். அறுபது கிராம் வாக்கில் எடை. தைத்து முடித்து அடுத்த வாரம் கொண்டு போய்க் கையில் கொடுத்தபோது, மூன்று பிள்ளை பெற்றவர் அதை உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கினார், முழுசாக மறைந்துவிட்டது. "இம்புட்டுக்காணுதானா!" என்றார். அந்தக் குரலை நான் மறக்கவில்லை.

இது நிறைமாதத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ ஆகும், மார்புக்கூட்டின் அடி வரைக்கும் எட்டும். ஏற்கெனவே இருக்கும் தசைநார்கள்தான் நீண்டு பருத்து இடம் கொடுக்கின்றன. பிரசவம் முடிந்த பிறகு அது இறங்குவதை நான் விரலால் அளந்திருக்கிறேன். முதல் நாள் தொப்புள் மட்டத்தில் கெட்டியாகப் பந்து மாதிரி தட்டுப்படும். அப்புறம் தினமும் ஒரு விரல்கடை அளவு இறங்கும். பத்துப் பன்னிரண்டு நாளில் கைக்கு அகப்படாமல் இடுப்பெலும்புக்குள் போய்விடும். பேறுகாலம் பார்த்த வீட்டுக்கு நான் போய் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது எதற்கு என்று பலருக்குத் தெரியாது. இறங்க வேண்டியது இறங்காமல் கொழகொழவென்று இருந்தால் ரத்தம் போகும், ஆளையே சாய்த்துவிடும். அதைத்தான் தேடுவேன்.

பாவாடை நாடாதான் கருக்குழாய். இரண்டு பக்கமும் பத்து சென்டிமீட்டர். நுனியை நூல் நூலாகப் பிரித்து விரல் மாதிரி விட்டேன், ஏனென்றால் உள்ளேயும் அப்படித்தான் இருக்கிறது. குழாய் சினைப்பையோடு ஒட்டித் தைக்கப்பட்டது கிடையாது. சினைப்பை தனியாக ஒரு நாரில் தொங்குகிறது. மாதம் ஒரு முட்டை அதிலிருந்து வெடித்து வரும்போது இந்த விரல்கள் வருடி உள்ளே இழுத்துக்கொள்கின்றன. விந்தும் முட்டையும் சந்திப்பது குழாயின் அகன்ற பகுதியில். கர்ப்பப்பைக்கு வந்து சேர அதற்குப் பிறகு மூன்று நாலு நாள் ஆகிறது. முட்டைக்கு ஆயுசு ஒரு நாள்தான், விந்து ஐந்து நாள் வரை உள்ளே உயிரோடு காத்திருக்கும். "அதான் ஒரு நாள் தப்புனாலும் தப்பல" என்று ஒருத்தி சொன்னாள், மூன்றாவது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

சினைப்பை ஓட்டோடு இருக்கும் பாதாம் அளவு. கேழ்வரகை நிரப்பித் தைத்தேன். குலுக்கினால் சலசலக்கும். உண்மையான முட்டை அதிலும் சின்னது, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. பெண் குழந்தை பிறக்கும்போதே பத்து, இருபது லட்சம் இருக்கும். வயதுக்கு வரும்போது மூன்று, நாலு லட்சமாகக் குறைந்திருக்கும். அதிலும் ஆயுள் முழுக்க வெளியே வருவது ஐந்நூறுக்குள். மீதி எல்லாம் தானாகக் கரைந்து போகும் என்றால் நம்ப மாட்டார்கள். விதைக்குப் போட்ட தானியம் முழுக்க வீணாகப் போகிறதே என்று வருத்தப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

அதிகம் உதவியது நாடாவை வெட்டிக் காட்டியதுதான். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டால் தீட்டு ரத்தம் வெளியே வராமல் வயிற்றிலேயே தங்கிவிடும், அதனால்தான் வயிறு உப்புகிறது என்று ஊர் முழுக்கப் பேச்சு. தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் பாதிக்கு மேல் செய்துகொண்ட ஆபரேஷன் இது, ஆனால் எதை வெட்டினார்கள் என்று தெரிந்தவர் சிலர்தான். நான் கத்திரிக்கோலை எடுத்து நாடாவின் நடுவில் ஒரு வெட்டு வெட்டுவேன். "ரத்தம் இதுலயா வருது? பாருங்க" என்று கர்ப்பப்பையை விரித்து, உள்ளே ஒட்டியிருக்கும் சிவப்பு ஃபிளானல் துணியைக் காட்டுவேன்.

இந்த உள்துணிதான் கதையே. சினைப்பையிலிருந்து வரும் ஈஸ்ட்ரோஜன் அதைத் தடிமனாக வளர்க்கிறது. முட்டை வெளியேறிய இடத்தில் புரோஜெஸ்ட்ரோன் சுரந்து அதைப் பஞ்சு மெத்தையாகப் பதப்படுத்தி வைக்கிறது. கரு வந்து பதியவில்லையென்றால் இரண்டு வாரத்தில் அந்தச் சுரப்பு விழுகிறது. மெத்தைக்குப் போகும் சின்ன ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, மெத்தை உரிந்து விழுகிறது. அதைத் தள்ளக் கர்ப்பப்பை இறுகுவதுதான் அடிவயிற்று வலி. சராசரியாக ஒரு தடவைக்கு முப்பது நாற்பது மில்லி ரத்தம். எண்பதைத் தாண்டினால் அதிகம். கெட்ட ரத்தம் என்று எதுவும் உடம்புக்குள் சேர்வதில்லை. பிள்ளைக்கு விரித்த பாய் அது, பிள்ளை வராததால் சுருட்டப்படுகிறது. இதைச் சொன்ன பிறகு ஒரு கிழவி என்னிடம், "அப்ப நம்மள எதுக்குத் தாயி மாட்டுக் கொட்டாயில படுக்க வச்சாக?" என்று கேட்டார். அவருக்கு வயது எழுபதுக்கு மேல். பதிலுக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ள மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

கருத்தடைக்காகக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி நெஞ்சுக்கு ஏறிவிடும் என்ற பயத்துக்கும் அதே பொம்மைதான் பதில். மேல் பக்கம் மெல்லிய குழாய் இரண்டுதான், நெஞ்சுக்கு வழியே கிடையாது.

இனி நான் சொல்லப் போவது என் மனசில் இருபது வருடத்துக்கு மேல் கிடக்கும் விஷயம். அந்த அக்காவின் பெயர் வேண்டாம், மாரியக்கா என்று வைத்துக்கொள்கிறேன். தீப்பெட்டி ஆபீஸ் வேலை, வயது 36. மாதம் பத்து நாள் போகும், கட்டி கட்டியாகப் போகும், மணிக்கு ஒரு துணி மாற்றுவார். ரத்த சோகையில் உதடு வெளுத்திருந்தது. பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தேன். போகவில்லை, ஒரு நாள் கூலி போய்விடும். தாங்க முடியாமல் போனதும் சொந்தக்காரர் ஒருவர் டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். திரும்பி வந்து, "எல்லாத்தையும் எடுத்தாச்சு நர்சம்மா, இனிமே ஒரு தொல்லையும் இல்ல" என்றார்.

மார்கழி மாதம் விடிகாலையில் சேலை நனைய வியர்த்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். உடம்பெல்லாம் எரிகிறது, தூக்கமே இல்லை, பிள்ளைகளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுகிறேன் என்று அழுதார். டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிப் பார்த்தேன். கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பையையும் எடுத்திருந்தார்கள். புற்று என்றோ கட்டி என்றோ எதுவும் எழுதியிருக்கவில்லை. நான் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "கர்ப்பப்பையத்தான எடுக்கச் சொன்னேன்?"

நம் நாட்டில் பெரும்பாலான பெண்களுக்கு 45க்கும் 50க்கும் இடையில் மெதுவாக நிற்க வேண்டிய சினைப்பைச் சுரப்பு, அவருக்கு ஒரே நாளில் நின்றுவிட்டது. ஈஸ்ட்ரோஜன் பிள்ளை பெறுவதற்கு மட்டும் உள்ளதல்ல. எலும்புக்கும் ரத்தக் குழாய்க்கும் தூக்கத்துக்கும் அது வேண்டும். ஆறு வருடம் கழித்து மாரியக்கா வாசல்படியில் கால் இடறிக் கையை ஊன்றினார், மணிக்கட்டு முறிந்தது.

அந்த ஆஸ்பத்திரி மீது எனக்குள்ள கோபம் ஒரு பக்கம். என் மீது உள்ளது இன்னொரு பக்கம். என் பொம்மை ஒரே தையலாக இருந்தது. சினைப்பையும் குழாயும் கர்ப்பப்பையும் பிரிக்க முடியாமல் ஒட்டிக் கிடந்தன. பேசும்போதும் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் "கர்ப்பப்பை" என்றே சொல்லிப் பழகியிருந்தேன். எடுக்கப் போகும் டாக்டரிடம் "எதை எடுக்கிறீங்க, எதை விடுறீங்க" என்று கேட்க மாரியக்காவிடம் வார்த்தை இல்லாமல் போனதில் எனக்கும் பங்கு உண்டு. 2019இல் மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் இளம் வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட செய்தி வந்தபோது, அவர்களிடமும் கூலிதான் காரணமாக இருந்தது என்று படித்துவிட்டு அன்றைக்கு முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

2003இல் இரண்டாவது பொம்மை தைத்தேன். இந்தத் தடவை ஒவ்வொரு உறுப்புக்கும் பிரஸ் பட்டன். கர்ப்பப்பையைப் பட்டென்று கழற்றி எடுத்தாலும் சினைப்பை இரண்டும் அதனதன் இடத்தில் தொங்கும். புற்றுநோய் மாதிரி காரணம் இருந்தால் அதையும் எடுக்கத்தான் வேண்டும், ஆனால் காரணத்தைக் கேட்டு வாங்குங்கள் என்பேன். ரத்தப்போக்குக்கு மாத்திரை உண்டு, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் வளையம் உண்டு, முதலில் அதைக் கேளுங்கள் என்பேன். பட்டனைக் கழற்றி மாட்டிப் பார்க்காத பெண் என் நாலு ஊரிலும் குறைவு.

போன வருடம் என் மகள் போனில் ஒரு படம் காட்டினாள். பிரான்ஸில் து கூத்ரே என்ற மருத்துவச்சி, 1759இல் அரசர் பதினைந்தாம் லூயியின் அனுமதி வாங்கி, துணியிலும் தோலிலும் தைத்த இடுப்பையும் குழந்தையையும் ஊர் ஊராகக் கொண்டுபோய் கிராமத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதில் ஒன்று ரூவான் நகரத்து மியூசியத்தில் இன்றும் இருக்கிறது. தையல் தையலாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தம்மாவின் கை என் கையைவிடச் சுத்தம்.

என் பொம்மையில் ஒரு பாகம் பதினாறு வருடம் இல்லாமலே இருந்தது. வெளிப்பக்கம். கூச்சம்தான் காரணம். 2012இல் புதுயுகம் திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு நாப்கின் கொடுக்க ஆரம்பித்தோம். எட்டாவது படிக்கும் பிள்ளை ஒன்று, "நர்சம்மா, தீட்டு வரும்போது மூத்திரம் எப்படிப் போகும்? ரெண்டும் ஒரே வழிதானே?" என்று கேட்டது. பக்கத்தில் அதன் அம்மா. அவர் முகத்திலும் அதே கேள்வி.

அன்றிரவு ரோஸ் கலர் துணியில் வரிசையாக மூன்று காஜா எடுத்தேன். மேலே சின்னது மூத்திரத்துக்கு, நடுவில் பிறப்புறுப்பு, கீழே மலத்துக்கு. நடு வழி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும், அங்கே நல்ல கிருமிகள் புளிப்புத் தன்மையோடு காவல் இருக்கின்றன, சோப்புப் போட்டு உள்ளே கழுவாதீர்கள் என்று சொல்ல அந்தத் துணி வசதியாக இருந்தது. மேல் காஜாவுக்கும் மேலே ஒரு சின்னப் பாசி மணி. அதன் பின்பக்கம் இரண்டு காலாகப் பிரிந்து போகும் பஞ்சுத் திரி, ஏனென்றால் வெளியே தெரிவது நுனி மட்டும்தான், மீதி உள்ளே ஒன்பது பத்து சென்டிமீட்டர் வரை பரவியிருக்கிறது. எங்கள் பயிற்சியில் அதன் பெயர் மட்டும் ஒரு வரியில் வந்தது.

பெண்கள் கூட்டத்தில் அதைக் கையில் எடுத்து, இதற்கு சுகத்தை உணர்வதுதான் வேலை, வேறு வேலை இல்லை என்றேன். இளம் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பெரியவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஆறு பிள்ளை பெற்ற ஒரு பாட்டி, "அத இங்க குடு" என்று வாங்கி, மடியில் வைத்துப் பாசியை விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்தார்.

"இதுக்கும் பேரு இருக்கா?"

கிளிட்டோரிஸ் என்றேன். இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். மூன்றாம் தடவை அவரே சொன்னார்.